கடலில் முங்கிய அன்று மலை ஏறக்கூடாது

என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நானும் அண்ணியும் கடலுக்கு அடியில் போயிருக்கவே மாட்டோம்.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் எங்கள் மகன், எங்கள் திருமண நாளுக்குப் புடவையும் வேட்டியும் எடுத்துத் தருவது சலித்துப் போய், அந்த வருஷம் ஸ்கூபா டைவிங்குக்கு இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்துவிட்டான். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கி மீன் பார்ப்பது. கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிற எனக்கும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிற அவருக்கும் இது எதற்கு என்று கேட்டேன். "நீ வந்து பாரும்மா" என்றான்.

அண்ணி எங்களோடு வந்தது மகளுக்குத் துணி எடுக்க. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. வெள்ளிமலையில் பள்ளிக்கூட டீச்சர். அவருடைய கணவர் மலைக்கும் கீழுக்கும் ஜீப் ஓட்டுகிறார். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அண்ணிக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரியாதையான தூரம்தான். கிறிஸ்துமஸுக்கு வருவார், கேக்கு சாப்பிடுவார், "நல்லா இருக்கியாமா" என்பார், "நல்லா இருக்கேன் அண்ணி" என்பேன், மறுநாள் காலை பஸ்ஸில் மலை ஏறிவிடுவார். சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பழக்கமே இல்லை என்பதுதான் நிஜம்.

டைவிங் நிலையத்தில் உட்கார வைத்து உடம்பு பற்றிக் கேள்வி கேட்டார்கள். காதில் சீழ் வடிந்ததுண்டா, ஆஸ்துமா உண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. என் கணவர் உண்மையைச் சொன்னார். பயிற்சியாளர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். கடற்கரைக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் சான்று இல்லாமல் உங்களை இறக்க முடியாது என்று அவரிடம் பக்குவமாகச் சொன்னார். என் கணவர் முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. தப்பித்தோம் என்கிற மாதிரிதான் இருந்தது. நானும் அதே சாக்கில் எழுந்தேன்.

பின்னால் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி போவலன்னா நான் போறேங்க. என் பேர எழுதிக்கோங்க."

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. "எனக்கு மாத்திரை எதுவும் இல்ல" என்றார், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில். அவர் போகிறபோது நான் மட்டும் கரையில் உட்கார முடியுமா? எழுந்தவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, என் பேரையும் எழுதச் சொன்னேன்.

துறைமுகத்திலிருந்து படகு கிளம்பிக் கரை கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை நான் கழுத்தோரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். மேலே போட்டிருந்த ரப்பர் உடை அப்படி இறுக்கிப் பிடித்தது. அதை மாட்டுவதற்கே இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. அதன் மேல், காற்று ஏற்றினால் உப்பிக்கொண்டு மிதக்க வைக்கும் ஜாக்கெட். அதன் முதுகில் சிலிண்டர், அதிலிருந்து வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட், காலில் வாத்துக் கால் மாதிரி துடுப்பு. இத்தனையும் மாட்டிக்கொண்டு படகின் ஓரத்தில் உட்கார்ந்தபோது எழுந்து நடக்கச் சொன்னால் முடியாது என்று தெரிந்தது. கடலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

பயிற்சியாளர் கடைசியாக ஒரு முறை சொன்னார்: வாயால் மட்டும் மூச்சு விடுங்கள், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீர்கள், காது வலித்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள்.

அந்த முதல் மூச்சை எப்படிச் சொல்வது? முகம் தண்ணீருக்குள் இருக்கிறது. மனசு முழுக்க, வேண்டாம், இழுக்காதே என்று கத்துகிறது. நெஞ்சு வெடிக்கப் போகிற கட்டத்தில் இழுத்தேன். வந்தது காற்று. வறட்சியான, லேசாக ரப்பர் வாசனை அடிக்கிற, குளிர்ந்த காற்று. விட்டேன், காதோரமாகக் குமிழிகள் கடகடவென்று ஏறிப் போயின. மறுபடி இழுத்தேன். மறுபடி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்குள் சிரித்தால் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகும் என்பதையும் அப்போதே கற்றுக்கொண்டேன்.

கீழே பாறை. பாறையைச் சுற்றிச் சங்கரா மீன்கள். மார்க்கெட்டில் ஐஸுக்குள் கண் வெளுத்துக் கிடக்கிற அதே சங்கரா, இங்கே உயிரோடு, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்வந்துகொண்டிருந்தது. செதிலில் இத்தனை சிவப்பு உண்டென்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் பார்த்தேன். அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை மேற்பார்வை பார்க்கிற மாதிரி மிதந்துகொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டு முறை வலித்து நின்று நின்று இறங்க வேண்டியிருந்தது. அவருக்கு ஒன்றுமே இல்லை. மேலே வந்ததும் காரணம் சொன்னார்.

"மலை பஸ்ல ஏறி எறங்கறப்பல்லாம் காது அடைக்குதே. எச்சில முழுங்கி முழுங்கி எனக்குப் பழகிப் போச்சு."

கரைக்குத் திரும்பும்போது பயிற்சியாளர் எந்த ஊர் என்று கேட்டார். அண்ணி வெள்ளிமலை என்றதும், மலையா, எவ்வளவு உயரம் என்று கேட்டுத் தன் போனில் தேடிப் பார்த்தார். பிறகு, இன்றைக்கு நீங்கள் மலை ஏறக்கூடாது, ஒரு நாள் முழுக்கக் கீழேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் விளக்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்குமாம். அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்திலோ மலையிலோ ஏறிவிட்டால், சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குகிற மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி, கைகால் விழுந்துபோவது வரை ஆகலாம்.

அண்ணி அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் ஞாயிறு, மாதா கோயில் பூசைக்குச் சேர்ந்து போனோம். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது அண்ணி என் காதருகே குனிந்து, "அந்த கறுப்பு மீனு, வால்ல மஞ்சக் கோடு போட்டது, நீ பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். இருவரும் முன்னால் பார்த்தபடியே சிரித்தோம். வீட்டுக்கு வந்து குழம்பு கொதிக்கிற வரை மீனைப் பற்றித்தான் பேச்சு. சாப்பிட்டு முடிப்பதற்குள், முறையான டைவிங் பயிற்சியை இரண்டு பேரும் முடித்துவிடுவது என்று தீர்மானமாகியிருந்தது. என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?" என்றார்.

ஆனது என்னவென்றால், அண்ணிக்கு ஒரு துணையும் எனக்கு ஒரு துணையும் கிடைத்துவிட்டது. டைவிங்கில் யாரும் தனியாக இறங்கக்கூடாது. ஜோடியாகத்தான். இன்னொருத்தியின் காற்று எவ்வளவு மிச்சம் என்று நீ பார்க்க வேண்டும். உன்னுடையதை அவள் பார்ப்பாள்.

பயிற்சியின் முதல் பகுதி நீச்சல் குளத்தில். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தண்ணீருக்கு அடியில் முழங்காலிட்டு, மாஸ்க் என்கிற முகக் கண்ணாடியை முழுசாகக் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளே புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மாஸ்க்கைக் கழற்றிய நொடியில் மூக்கில் தண்ணீர் ஏற, நான் எல்லாவற்றையும் உதறிவிட்டு மேலே பாய்ந்தேன். மறுபடி செய்தேன். மறுபடி பாய்ந்தேன். இதைத் தாண்டாமல் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது என்று பயிற்சியாளர் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி, நைனார்பாளையத்துக் கிணற்றில் பழகிக்கொள்ளலாம் என்றார். அது அண்ணியும் என் கணவரும் பிறந்த ஊர். என் கொழுந்தனார் அங்கே மக்காச்சோளமும் கரும்பும் வைத்திருக்கிறார். வயலுக்கு நடுவில் படி வைத்துக் கட்டிய பெரிய கிணறு. சின்ன வயதில் கைப்பிடிச் சுவர் மேலிருந்து அண்ணி அதில் குதிப்பாராம். ஆகவே அடுத்த ஞாயிறுகளில், பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் புது மாஸ்க்கோடு கிணற்றில் இறங்கினோம்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கியிருந்தோம். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு தனிக் கலை. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்ச வேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உன் முகத்துக்கானது. கடையில் அண்ணி ஒன்றை ஒட்ட வைத்துக்கொண்டு கைகளை விரித்து என் பக்கம் திரும்பியபோது கடைக்காரரே சிரித்துவிட்டார். புதுக் கண்ணாடியில் பற்பசை தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஆவி படியும். தண்ணீரில் இறங்கும் முன் உள்ளே எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும். வகுப்பில் எச்சில் துப்பினால் வெளியே நிற்க வைக்கிற டீச்சர் இதை மிகுந்த மகிழ்ச்சியோடு செய்தார்.

கிணற்றில் நான் இடுப்பளவு தண்ணீரில் படியில் உட்கார்ந்து, முகத்தை முக்கி, மாஸ்க்கில் தண்ணீரை விட்டு, ஊதி ஊதிப் பார்த்தேன். இருமினேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் ஒரே தண்ணீர். அண்ணி அவசரப்படுத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தானும் முங்கினார். கரையில் பக்கத்து வயல்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என் கொழுந்தனாரிடம், "இன்னாப்பா, மோட்டார் உள்ள வுழுந்துடுச்சா?" என்று விசாரித்தார். இல்லை, இவர்கள் கடலுக்குப் போகப் பழகுகிறார்கள் என்று கொழுந்தனார் சொன்னார். வயல்காரர் யோசித்துவிட்டு, "கடலு அங்க இல்ல இருக்குது?" என்று கிழக்கே கை காட்டினார்.

மூன்றாவது ஞாயிறோ என்னவோ, அது வந்துவிட்டது. தலையைக் கொஞ்சம் மேலே தூக்கி, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் நீளமாக ஊதினேன். தண்ணீர் கீழ்ப்பக்கமாகச் சரசரவென்று இறங்கிப் போயிற்று. கண்ணைத் திறந்தால், பச்சைத் தண்ணீருக்குள் அண்ணியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவருடைய கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அன்று அந்த ஒன்றையே இருட்டும் வரை செய்துகொண்டிருந்தேன். நிறுத்தவே மனமில்லை.

ரப்பர் உடையும் பிறகு வாங்கினோம், பழையதாக, பயிற்சியாளர் மூலம். கடலிலிருந்து வந்ததும் அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போக அலச வேண்டும். அலசி மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு அம்மா விடிகாலையில் கோலம் போட வந்து, தலையில்லாத கறுப்பு ஆள் இரண்டு பேர் எங்கள் மாடியில் நிற்பதைப் பார்த்துக் கோலப்பொடியைக் கொட்டிவிட்டார்.

கடல் பயிற்சி இரண்டு சனிக்கிழமைகளில். முதல் சனிக்கிழமை கலங்கல் தண்ணீர். கையை நீட்டினால் விரல் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தோம். நான் கடலுக்கு அடியில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டி ஊதியபோது பயிற்சியாளர் என் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அண்ணி வழக்கம்போல் எங்கள் வீட்டில் தங்கித் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலைக்குப் போனார்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடை. அண்ணியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வெள்ளிமலைக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்கு முன்பே அவளைக் கீழே எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. இந்த நேரத்தில் கடலுக்குப் போவதா என்று அண்ணி தயங்கினார். சின்னசேலத்திலிருந்து சம்பந்தியம்மா போனில், டீச்சர் வேலையை விட்டு முத்துக் குளிக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டாராம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கடல் கொந்தளிக்கும் பருவம். விட்டால் பல மாதம் ஆகும். மகள்தான், நான் நன்றாக இருக்கிறேன், அப்பா இருக்கிறார், நீ முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. படகிலிருந்து எட்டிப் பார்த்தாலே கீழே நீலம் நீலமாக இறங்கிக்கொண்டு போயிற்று. ஓரத்தில் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கையால் அழுத்தி, பின்பக்கமாகச் சரிந்தேன். ஒரு நொடி எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. பிறகு நிமிர்ந்தால், எனக்குக் கீழே முழுப் பாறையும், அதன் மேல் மிதக்கும் மீன் கூட்டமும், அதையும் தாண்டி மணல் தரையும் தெரிந்தன. நான் பறந்துகொண்டிருந்தேன். வேறு வார்த்தை இல்லை. ஜாக்கெட்டில் சரியான அளவு காற்று நின்றுவிட்டால் ஏறவும் மாட்டாய், இறங்கவும் மாட்டாய். மூச்சை இழுத்தால் ஒரு சாண் உயர்வாய். விட்டால் ஒரு சாண் தாழ்வாய். கை கால் எதையும் அசைக்காமல் அப்படியே தொங்கிக்கொண்டு கிடந்தேன். பயம் எங்கேயோ படகில் தங்கிவிட்டது.

பாறையின் இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வருகிற மாதிரி. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணி என் தோளைத் தட்டினார். மணலைக் காட்டினார். மணலில் ஒன்றுமில்லை. மறுபடி காட்டினார். அப்போது மணலில் இரண்டு கண்கள் இருப்பது தெரிந்தது. கண்களுக்குப் பின்னால் மணல் லேசாக நடுங்கியது. பிறகு தரையே பெயர்ந்து எழுந்தது. திருக்கை. எங்கள் வாசற்கதவை விட அகலம். மணல் இரண்டு பக்கமும் புகையாகச் சரிய, அது ஓரங்களை அலை மாதிரி அசைத்து, எங்களுக்கு அடியிலேயே, அவசரமே இல்லாமல் நகர்ந்து போயிற்று. அதன் நிழல் பாறை மேல் ஏறி இறங்கியது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அண்ணி கத்தியேவிட்டார், குழாய்க்குள் ஊஊ என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு நிற்காமல், சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தி உயர்த்திக் காட்டினார். தண்ணீருக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்தினால், 'மேலே போகலாம்' என்று பொருள். நன்றாக இருக்கிறது என்பதற்கு விரலால் வட்டம் போட வேண்டும். பயிற்சியாளர் பதறி வந்து அண்ணியைப் பிடித்து மேலே தூக்கத் தொடங்கினார். அண்ணி மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் பலமாகக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் நடுவில் போய் அண்ணியின் கையைப் பிடித்து விரலை வட்டமாக மடக்கிவிட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

படகில் ஏறியதும் பயிற்சியாளர், இரண்டு பேரும் தேறிவிட்டீர்கள் என்றார். அட்டை பின்னால் வரும், இனி உலகத்தில் எந்தக் கடலிலும் ஜோடியாக இறங்கலாம் என்றார். எந்தக் கடலிலும் என்று அண்ணி ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் பஸ் மாறி உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணியின் கணவர். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"பாப்பாவுக்கு வலி கண்டுடுச்சு. நீங்க எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

அண்ணி ஓடுகிற பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டார். நாங்கள் கடைசியாகத் தண்ணீரிலிருந்து ஏறியது அன்று மதியம். உடம்பில் கரைந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் இறங்கியவுடன் நேராக மலைக்குப் போகிறேன் என்றார். நான் பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஏறாதீங்க அக்கா. உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா அங்க ரெண்டு பேஷண்ட். பொண்ண கீழ கொண்டாந்துடச் சொல்லுங்க."

அதையே அண்ணியின் கணவரிடம் நான் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்துவிட்டார், நேரம் இருக்கிறது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள் என்று அந்தம்மாவும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நர்ஸம்மாவே ஜீப்பில் கூட வருகிறார். நாங்கள் மலையடியில், கச்சிராயபாளையத்துக்கு வந்து நிற்கிறோம் என்றேன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் என் கணவர் பைக்கோடு நின்றார். பைகளை அவரிடம் போட்டுவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்தோம். கோமுகி அணைப்பக்கம் தாண்டி, மலைச்சாலை தொடங்குமிடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இறங்கி நின்றோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய ஒரு லாரி இறங்கியது. ஒரு பஸ் இறங்கியது. ஜீப்பைக் காணவில்லை.

அண்ணி நிற்கவில்லை. சாலையில் நடக்கத் தொடங்கினார். கூடவே நடந்தேன். முதல் வளைவு வந்தது. அதற்கு மேல் சாலை தூக்கலாக ஏறுகிறது. நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் மேல போனா இன்னா ஆவப் போவுது? அவ அங்க தனியா இருக்கா."

"தனியா இல்லீங்க அண்ணி. அவ உங்களப் பாக்கத்தான் வந்துக்கினு இருக்கா. வந்து எறங்கறப்ப நீங்க நல்லா இருக்கணுமா, வேணாமா?"

அண்ணி கையை உதறவில்லை. வளைவுக் கல்லில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஜெபமாலை சொல்லத் தொடங்கினார். நான் பதில் சொன்னேன். அவருடைய தலைமுடி உப்பில் விறைத்துக் கயிறு மாதிரி நின்றது. மாஸ்க்கின் தடம் இன்னும் நெற்றியில் வட்டமாகப் பதிந்திருந்தது. என் நெற்றியிலும் இருந்திருக்கும். போகிறவர்கள் எங்களை உற்று உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஹாரன் சத்தத்தை முதலில் கேட்டது அண்ணிதான். ஒவ்வொரு வளைவிலும் அவர் கணவர் இரண்டு முறை அடிப்பார். சத்தம் மேலே கேட்டது, மறைந்தது, கொஞ்சம் கீழே கேட்டது. கடைசியில் ஜீப் தெரிந்ததும் அண்ணி எழுந்து சாலை நடுவிலேயே நின்றுவிட்டார்.

மகள் பின் இருக்கையில் நர்ஸம்மாவின் மேல் சாய்ந்திருந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. நாங்கள் ஏறினோம். ஒரு வலி வந்து போகும் வரை அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலி விட்டதும் முதலில் கேட்டது இதுதான்.

"மீனு பாத்தியாம்மா?"

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "திருக்கை பாத்தேன்டி. அம்மாம் பெருசு" என்று இரண்டு கைகளையும் விரித்ததில் ஒரு கை என் மூக்கில் இடித்தது. ஜீப் கள்ளக்குறிச்சி சாலையில் பறந்தது. வலிக்கு வலி நடுவில் அண்ணி திருக்கையின் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். வலி வரும்போதெல்லாம் கதையை நிறுத்தி, "மூச்ச அடக்காத, வுடு, நீளமா வுடு" என்றார். நாங்கள் இருவரும் அவளோடு சேர்ந்து ஊதினோம், கடலுக்கடியில் ஊதுகிற அதே மாதிரி. நர்ஸம்மா, நல்லா சொல்றீங்க டீச்சர், எங்க கத்துக்கினீங்க என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிறிது நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. வாசலில் விளக்கு போட்டிருந்தார்கள். வெளியே இன்னும் முழுசாக இருட்டவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி அண்ணியின் கையில் கொடுத்தபோது நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஊஊ என்று சத்தம் போட்டவரின் முகம்தான் அது. இப்போது சத்தம் மட்டும் வரவில்லை.

சம்பந்தியம்மா சின்னசேலத்திலிருந்து வந்து சேர்ந்தார். குழந்தையை வாங்கினார், பார்த்தார், உச்சி முகர்ந்தார். பிறகு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது.

"தலையில இன்னா டீச்சர், ஒரே உப்பு?"

கடல் உப்புங்க என்றார் அண்ணி, அடக்கமாக. சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உள்ளே இருட்டாக இருக்குமா என்று கேட்டார். இல்லைங்க, வெளிச்சமாக இருக்கும் என்றார் அண்ணி. மூச்சு முட்டாதா என்றார். முட்டாதுங்க என்றார் அண்ணி. என் கணவர் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, அந்தப் பெஞ்சில் சம்பந்தியம்மா தன் உள்ளங்கையை வாயில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சிலிண்டர் காற்றை எப்படி இழுப்பது என்று பழகிக்கொண்டிருந்தார்.

அண்ணி மறுநாளும் அதற்கு மறுநாளும் மலை ஏறவில்லை. பேத்தி இருக்கும்போது யார் ஏறுவார்கள்? ஒரு மாதத்துக்கு மேல் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். லீவு முடிந்ததும் பள்ளிக்கு மட்டும் தினமும் அண்ணி மலைக்குப் போய்வந்தார். மாலையில் நான் வேலை முடிந்து வந்தால் தொட்டிலுக்கு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் உட்கார்ந்து, அடுத்த பருவத்தில் எங்கே இறங்கலாம் என்று பேசுவோம். ராமேஸ்வரம் பக்கம் தண்ணீர் ஆழம் குறைவு, பவளப்பாறை நிறைய என்கிறார்கள். அந்தமானில் தெளிவு அதிகம் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு, பேசிப் பேசி, கடைசியில் முதலில் நம் புதுச்சேரிக்கே போவோம் என்று முடிவாயிற்று.

போன மாதம் போனோம். இது வேறு இடம், கொஞ்சம் ஆழம் அதிகம். கயிற்றைப் பிடித்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் வெளிச்சம் குறைந்தது. மேகம் மூடிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். மேகமில்லை. சீலா மீன்கள். நூறா, ஐந்நூறா, யார் கண்டார்கள். வெள்ளிக் கம்பி மாதிரி நீள நீளமாக, ஒன்றோடொன்று இடிக்காமல், எங்களைச் சுற்றி மெல்லச் சுழல ஆரம்பித்தன. நானும் அண்ணியும் நடுவில். சுவர் மாதிரி நாலு பக்கமும் மீன். ஒவ்வொரு மீனும் ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே போயிற்று. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்கு வலித்தது. விடச் சொல்லவில்லை.

மேலே வந்து வாயிலிருந்து குழாயைத் துப்பியதும் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினோம். அவர் ஒரு பக்கமிருந்து சொல்ல, நான் இன்னொரு பக்கமிருந்து சொல்ல, இரண்டு பேருமே அதே மீனை, அதே சுழற்சியை, மற்றவள் அங்கே இல்லாதது போல விவரித்துக்கொண்டிருந்தோம். படகோட்டி ஏணியை இறக்கிவிட்டு, ஏறுங்கள் அக்கா, ஏறிப் பேசுங்கள் என்றார். ஏறினோம். பேசினோம். துறைமுகம் வந்து, படகைக் கட்டி, சிலிண்டர்களை எல்லாம் இறக்கி முடித்த பிறகும் நாங்கள் பேசி முடித்திருக்கவில்லை.